வேரடி மண்

கோடையில் வேதாரண்யம் பக்கத்து உப்பளக் கரைகளில் பச்சை என்று சொல்லிக்கொள்ள அநேகமாக உமரி ஒன்றுதான் மிஞ்சும். மாசி பங்குனியில் மண் வெளுத்து, மேலே உப்புப் பூத்து, மிதித்தால் மொறுமொறுவென்று உடைகிற தரையில், சதைப்பற்றான சின்னச் சின்ன இலைகளோடு அது பாட்டுக்குத் தழைத்துக் கிடக்கும். வெயில் ஏற ஏறச் சிவக்கும். ஒரு கிள்ளு வாயில் போட்டால் கரிக்கும். செடியைப் பிடுங்கி இரண்டு தட்டுத் தட்டினால் கட்டிமண் உதிர்ந்துவிடும். அதற்குப் பிறகும் வேரை விடாமல் ஒரு மெல்லிய மண்போர்வை, சில மில்லிமீட்டர் கனத்தில், ஒட்டிக்கொண்டே இருக்கும். விரலால் தேய்த்தாலொழியப் போகாது. 'வேரடி மண்ணோடு' என்கிறோமே, அந்த வேரடி மண் இதுதான். 1904இல் ஜெர்மானிய அறிஞர் லோரென்ஸ் ஹில்ட்னர் இதற்கென்று தனிப்பெயர் சூட்டினார். நம் பாடநூல்கள் வேர்மண்டலம் என்கின்றன. உவர்நிலத்தில் ஒரு செடி பிழைத்தால் அது அந்தச் செடியின் சாமர்த்தியம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளின் ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் படித்தால், அந்த எண்ணம் பாதிதான் சரி என்று தெரிகிறது. மறுபாதி அந்த மண்போர்வைக்குள் குடியிருக்கிறது. கடலோர நிலத்தை மீட்கப் போடும் திட்டங்கள் எல்லாம் விதை ரகத்தையும் ஜிப்சத்தையும் சுற்றியே வருகின்றன. வேரடி மண்ணையும் கணக்கில் எடுக்காமல் அந்தத் திட்டங்கள் முழுமை பெறாது என்பது என் வாதம்.

பேச்சைத் தொடங்குமுன் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. களரும் உவரும் ஒன்றல்ல. தண்ணீரில் கரையும் உப்புகள் மண்ணில் மிகுந்து, காய்ந்ததும் வெள்ளையாகப் பூப்பது உவர். சோடியம் மட்டும் களித்துகளைப் பற்றிக்கொண்டு, காய்ந்தால் கட்டாந்தரையாகவும் நனைந்தால் சேறாகவும் மண்ணை ஆக்கிவிடுவது களர். களருக்கு ஜிப்சம் மருந்து: அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். உவருக்கு ஜிப்சம் போட்டுப் பயனில்லை. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, கழுவிய நீரை வடிகால் வழியே வெளியேற்றுவது ஒன்றே வழி. இந்தியாவில் ஏறத்தாழ 67 லட்சம் ஹெக்டேர் நிலம் இந்த இரண்டில் ஒன்றாக ஆகிவிட்டது என்பது கர்னாலிலுள்ள மத்திய மண் உவர்தன்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. கல்லாதவருக்குக் களர்நிலத்தை உவமை சொன்ன மரபு நம்முடையது. விளையாத மண் என்றால் ஒன்றுக்கும் உதவாத மண் என்று மொழியே பழக்கிவிட்டது. ஆனால் அதே மொழிதான் உப்பளத்தில் உப்பு 'விளைகிறது' என்றும் சொல்கிறது.

உப்பு செடியை எப்படி வாட்டுகிறது என்று புரிந்தால்தான் பாக்டீரியா எந்த இடத்தில் கைகொடுக்கிறது என்பது விளங்கும். முதல் அடி தாகம். மண்ணில் ஈரம் இருக்கும். ஆனால் உப்பு அந்த நீரைத் தன் பக்கம் பிடித்து வைத்திருப்பதால் வேரால் உறிஞ்ச முடியாது. தண்ணீருக்குள் நின்றுகொண்டே பயிர் காய்கிற காட்சியைக் கடைமடை விவசாயிகள் நன்றாக அறிவார்கள். இரண்டாம் அடி நஞ்சு. செடிக்குப் பொட்டாசியம் வேண்டும். சோடியம் வேதியியலில் அதன் பங்காளி. பொட்டாசியம் புகும் வாசல்களிலேயே புகுந்து, இலைக்குள் சேர்ந்து, பொட்டாசியம் செய்ய வேண்டிய வேலைகளை முடக்கிவிடும். மண்ணின் உப்பை மின்கடத்துதிறன் கொண்டு அளக்கிறார்கள். மீட்டருக்கு இத்தனை டெசிசீமன் என்பது கணக்கு. கடல்நீர் ஏறத்தாழ 50. நெல்லுக்கு 3ஐத் தாண்டினாலே சிரமம் தொடங்கிவிடும். அதன்பின் கூடும் ஒவ்வோர் அலகுக்கும் மகசூல் சுமார் 12 சதவீதம் குறையும் என்பது உலகெங்கும் எடுத்தாளப்படும் கணக்கு. ஆறு, ஏழு என்று போனால் போட்ட முதல்கூடத் தேறாது.

உமரிக்கும் கண்டலுக்கும் இந்த அடிகளைத் தாங்கச் சொந்தக் கருவிகள் உண்டு, அதை யாரும் மறுக்கவில்லை. உமரி சோடியத்தை இலையணுவின் நடுவிலுள்ள நீர்ப்பைக்குள் அடைத்துப் பூட்டிவிடுகிறது. இலை தடித்திருப்பது அதனால்தான். வெண்கண்டல் உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியே தள்ளுகிறது; காலை வெயிலில் இலையைத் திருப்பிப் பார்த்தால் பொடிப்பொடியாக உப்புப் படிகம் மின்னும். பிறகு ஏன் பாதிதான் சரி என்கிறேன்? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் மணல்மேடுகளைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு புல்லைக் கொண்டு செய்த சோதனையைப் பாருங்கள். ரஸ்டி ரோட்ரிகஸ் தலைமையிலான குழு 2008இல் வெளியிட்டது. கடலோரத்திலேயே பிறந்து வளர்கிற அந்தப் புல்லின் உடலுக்குள் ஒரு பூஞ்சை குடியிருக்கிறது. பூஞ்சையை நீக்கிய புல், தன் சொந்த மண்ணின் உப்பையே தாங்க முடியாமல் போனது. அதே பூஞ்சையைத் தக்காளிக்கும் நெல்லுக்கும் கொடுத்தபோது அவை முன்பைவிட அதிக உப்பைத் தாங்கின. உப்பில்லாத இடத்துச் செடியிலிருந்து எடுத்த அதே இனப் பூஞ்சையால் அது முடியவில்லை. இது பூஞ்சையைப் பற்றிய சான்று, பாக்டீரியாவைப் பற்றியதல்ல. ஆனாலும் ஒன்றை ஐயமில்லாமல் காட்டிவிட்டது: செடியின் திறமை என்று பெயரிட்டிருந்ததில் ஒரு பங்கு, அந்த இடத்து உப்பிலேயே பழகிய வேறோர் உயிருடையது.

பாக்டீரியா மட்டும் உப்பில் எப்படி வாழ்கிறது என்ற கேள்வி இங்கே எழும். இரண்டு வழிகள் உண்டு. உப்பு விளையும் கடைசிப் பாத்தியில் நீர் இளஞ்சிவப்பாக மாறுவதைத் தூத்துக்குடியிலோ மரக்காணத்திலோ பார்த்திருப்பீர்கள். ஒருவகைப் பாசியோடு சேர்ந்து அந்த நிறத்தைத் தருகிற நுண்ணுயிர்கள், பொட்டாசியத்தை அளவுகடந்து உள்ளே நிரப்பிக்கொண்டு வெளியே உள்ள உப்புக்கு ஈடுகொடுக்கின்றன. உப்பை நம்பியே வாழும் அவற்றால் உப்புக் குறைந்தால் பிழைக்க முடியாது. வேரடி மண்ணில் இருப்பவை பெரும்பாலும் இன்னொரு வழிக்காரர்கள். பீட்டைன், எக்டோயின் போன்ற தீங்கில்லாத சிறு சேர்மங்களைத் தயாரித்தோ சேர்த்தோ உடலுக்குள் வைத்துக்கொண்டு, நீர் வெளியே ஓடிவிடாமல் பிடித்து வைக்கின்றன. உப்பு ஏறினால் கூட்டியும் இறங்கினால் குறைத்தும் கொள்ளலாம். கடலோர வயலுக்கு இந்த வளைந்துகொடுக்கும் குணம் முக்கியம். ஐப்பசி மழையில் கிட்டத்தட்ட நன்னீரும், சித்திரை வெயிலில் உப்புக் குழம்பும் ஒரே மண்ணில் வந்துபோகும். இரண்டையும் தாங்குகிறவைதான் அங்கே ஆண்டு முழுக்கக் குடித்தனம் நடத்த முடியும்.

அவை வேரைத் தேடி வருவதற்கும் காரணம் உண்டு. செடி வெயிலில் சமைத்த சர்க்கரையில் கணிசமான பங்கை வேர் வழியே மண்ணுக்குள் கசியவிடுகிறது. கரிமச்சத்து அற்றுப்போன உவர்மண்ணில் அது அன்னசத்திரம் திறந்தது போல. அதனால் வேரை ஒட்டிய மண்ணில் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை, ஒரு சாண் தள்ளியுள்ள மண்ணைவிடப் பத்து மடங்கு, சில நேரம் நூறு மடங்குகூட இருக்கும். உண்ட வீட்டுக்கு அவை செய்யும் கைம்மாறுகளில் எனக்கு மிக வியப்பாக இருப்பது எத்திலீன் சங்கதி. மாங்காயையும் வாழைக்காயையும் பழுக்க வைக்கும் அதே வாயு எத்திலீன். உப்பு, வெள்ளம், வறட்சி என்று எந்த நெருக்கடி வந்தாலும் செடி அதைத் தனக்குள் உற்பத்தி செய்துகொள்ளும். கொஞ்சம் இருந்தால் எச்சரிக்கை. மிஞ்சிவிட்டால் வேர் நீள்வது நின்று, இலை பழுத்து உதிரும். அதாவது உப்பு செய்யும் கேட்டில் ஒரு பகுதி, உப்பைக் கண்ட பதற்றத்தில் செடி தனக்குத்தானே செய்துகொள்வது. எத்திலீன் உருவாவதற்கு முந்தைய படியில் ஏசிசி என்றொரு சேர்மம் உண்டு. சில பாக்டீரியாக்களிடம் அதை உடைத்துத் தின்னும் நொதி இருக்கிறது. வேரிலிருந்து கசியும் ஏசிசியை அவை தின்னத் தின்ன, செடிக்குள் எத்திலீனும் குறைகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார்ட் கிளிக்கும் அவர் தோழர்களும் 1998இல் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். 2004இல் இஸ்ரேலின் அராவாப் பாலை நிலத்திலிருந்து எடுத்த அத்தகைய ஒரு பாக்டீரியாவைத் தக்காளி நாற்றுக்குக் கொடுத்து, லிட்டருக்கு 10 கிராம் வரை உப்புக் கலந்த நீரில் வளர்த்துப் பார்த்தார்கள். எத்திலீன் குறைந்தது, நாற்றின் எடை கூடியது. அந்த ஆய்வில் என்னை நிறுத்தி வைத்த வரி வேறொன்று: செடிக்குள் சேர்ந்த சோடியத்தின் அளவு குறையவே இல்லை. உப்பு வந்தது வந்தபடியே இருந்தது. செடியின் பதற்றம்தான் தணிந்தது.

மற்ற உதவிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சில பாக்டீரியாக்கள் பிசின் போன்ற ஒரு பசையைச் சுரக்கின்றன. அது மண்துகள்களை ஒட்டவைத்து, சோடியத்தில் கொஞ்சத்தைத் தன்மேல் பிடித்துக்கொண்டு, வேரைச் சுற்றி ஈரமான உறைபோல அமைகிறது. தட்டினாலும் உதிராத அந்த மண்போர்வையில் இந்தப் பசைக்கும் பங்கு உண்டு. சில, கால்சியத்தோடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்தை அமிலம் சுரந்து கரைத்துக் கொடுக்கின்றன. சில, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற தழைச்சத்தாக மாற்றுகின்றன. உவர்நிலத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் எப்போதும் பற்றாக்குறை என்பதால் இது சின்ன உதவியல்ல.

பிச்சாவரத்துக் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். அலையாத்திக் காட்டின் சேற்றில், ஏற்ற நீர் வந்து மூழ்கடித்துவிட்டுப் போகும் இடங்களில், ஒரு காட்டு நெல் வளர்கிறது. நெல்லுக்கு நெருங்கிய உறவு. உப்பை இலை வழியே வெளியேற்றத் தெரிந்தது. சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் லோகநாதனும் சுதா நாயரும் இந்தப் புல்லின் வேரடி மண்ணையும் வேரையும் தண்டையும் எடுத்து, தழைச்சத்தே கலக்காத ஊட்டக் கரைசலில் இட்டு வளர்த்தார்கள். தழைச்சத்து இல்லாத இடத்தில் வளர்வது காற்றிலிருந்து நைட்ரஜனை எடுக்கத் தெரிந்ததாகத்தான் இருக்க வேண்டும். அப்படி வளர்ந்தவற்றில் ஒன்று அதுவரை யாரும் பெயரிடாத பேரினம் என்று தெரிந்தது. 2004இல் சுவாமிநாதானியா சாலிடோலரன்ஸ் என்று பெயர் பெற்றது. பின்பாதிக்கு 'உப்பைத் தாங்குவது' என்று பொருள். வினிகர் உண்டாக்கும் பாக்டீரியாக்களின் குடும்பம் அதற்கு. உப்பு இருக்கும்போதே நைட்ரஜனை நிலைநிறுத்துவதும் மணிச்சத்தைக் கரைப்பதும் ஆகிய இரண்டையும் அது செய்கிறது. நம் விவசாயிகள் நன்கு அறிந்த அசோஸ்பைரில்லத்துக்கும் இப்படி உப்பை விரும்பும் ஓர் உறவு உண்டு. பாகிஸ்தான் பஞ்சாபின் களர் உவர் மண்ணில் வளரும் கல்லர்ப் புல்லின் வேரிலிருந்து 1987இல் அடையாளம் காணப்பட்டது. உப்பில் வாழப் பழகிய ஒரு புல்லை எடுத்துத் தேடிய இடத்தில் எல்லாம், உப்பில் வேலை செய்யப் பழகிய பாக்டீரியா கிடைத்திருக்கிறது.

குஜராத் கரையிலும் இதே தேடல் நடந்தது. பவநகரில் 1954 முதல் இயங்கும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தினர், கணுக்கணுவாக வளரும் சாலிகோர்னியா என்னும் உமரி வகையின் வேரிலிருந்து நைட்ரஜனை நிலைநிறுத்தும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றில் ஒன்று புதிய இனமாக இருந்ததால் அந்த மண்ணின் பெயரையே சூட்டி, பிராக்கிபாக்டீரியம் சௌராஷ்டிரென்ஸ் என்றார்கள். அதையும் வேறு இரண்டையும் நிலக்கடலைக்குக் கொடுத்தபோது, லிட்டருக்கு ஏறத்தாழ 6 கிராம் உப்புள்ள நிலையிலும் செடிகள் கொடுக்காதவற்றைவிட நன்றாக வளர்ந்தன. மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அதே வேர்களிலிருந்து கிடைத்தவற்றின் பட்டியலில் குரோனோபாக்டர் சகசாகியும் இருந்தது. பச்சிளங் குழந்தைகளுக்குப் பால்பவுடர் வழியாக மூளைக்காய்ச்சல் வரவைக்கக்கூடிய கிருமி அது. வேருக்கு நல்லது செய்கிறது என்பதாலேயே ஒன்று மனிதருக்கும் நல்லதாகிவிடாது. இயற்கையானது, ஆகவே ஆபத்தில்லாதது என்று சொல்லிப் பொட்டலம் விற்பவர்களிடம், இது என்ன இனம், யார் சோதித்தார்கள் என்று கேட்க வேண்டியது அவசியம். முறையான ஆய்வகங்கள் இந்த வடிகட்டலைச் செய்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போகின்றன.

சரி, இவ்வளவு சொல்லியும் மண்ணிலிருந்து ஒரு பிடி உப்புகூடக் குறையவில்லையே என்று கேட்டால், கேள்வி நியாயமானது. குறையவில்லைதான். பாக்டீரியா உப்பைத் தின்பதில்லை. சோடியத்தை வேறொன்றாக மாற்றும் உயிர் எதுவும் இல்லை. அப்படியானால் உமரியே உப்பை எடுத்துவிடுமா? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உமரி ஒரு ஹெக்டேரிலிருந்து 4 மாதத்தில் 504 கிலோ உப்பையும், கடலோரத்தில் படரும் செசுவியம் 474 கிலோவையும் எடுக்கக்கூடும் என்று மதிப்பிட்டார்கள். அரை டன் என்பது கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் மின்கடத்துதிறன் 8 டெசிசீமன் உள்ள ஒரு ஹெக்டேரின் மேல் ஓரடி மண்ணில், தோராயமாகக் கணக்கிட்டால் 10 டன் உப்பு இருக்கும். லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ள கிணற்று நீரை அரை மீட்டர் ஆழத்துக்குப் பாய்ச்சினால், 50 லட்சம் லிட்டரோடு 5 டன் உப்பு புதிதாக உள்ளே வருகிறது. அறுத்தெடுக்கும் உமரி அதில் பத்தில் ஒரு பங்கு. எனவே கழுவும் நன்னீருக்கும் வடிகாலுக்கும் மாற்று எதுவும் இல்லை. 2004 சுனாமி புகுந்த வயல்களின் உப்பைப் பெரும்பாலும் கழுவியது அடுத்து வந்த பருவமழைதான். பாக்டீரியாவின் இடம் அதற்குப் பிறகு. மழையும் வடிகாலும் உப்பை 12லிருந்து 5க்கோ 6க்கோ இறக்கிவிட்ட பிறகும் பயிர் முழுதாகத் தேறாமல் தவிக்கிறதே, அந்த இடைவெளியில்தான் செடியின் பதற்றத்தைத் தணிக்கும் துணைக்கு மதிப்பு. கடலோர வயல்கள் பலவற்றின் வாழ்வும் சாவும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அடுத்த ஆட்சேபம் இதைவிடக் கடினமானது. தொட்டியில் வளர்த்தால் பலன் தெரிகிறது, வயலில் போட்டால் ஒரு வருடம் தெரிகிறது மறுவருடம் தெரிவதில்லை என்று உயிர் உரம் பயன்படுத்திய பலரும் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. காரணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். உயிர் உரப் பொடியில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி பாக்டீரியா இருக்க வேண்டும் என்பது இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணையின் தரம். ஹெக்டேருக்கு 2 கிலோ தூவினால் மொத்தம் 10,000 கோடி. ஆனால் ஒரு ஹெக்டேரின் மேல் அரையடி மண்ணின் எடை சுமார் 20 லட்சம் கிலோ, அதாவது 200 கோடி கிராம். பரவலாகக் கலந்தால் ஒரு கிராம் மண்ணுக்கு வந்து சேர்வது 50 பாக்டீரியா. அதே ஒரு கிராமில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள், உப்புக்கும் அந்த இடத்துக்கும் பழகியவர்கள். வந்த ஐம்பது பேர் என்ன ஆவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது அதே பொடியில் 600 கிராமை எடுத்து, ஆறிய வடிகஞ்சியில் கரைத்து, ஒரு ஹெக்டேருக்கான 60 கிலோ விதைநெல்லில் புரட்டி நிழலில் உலர்த்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோவில் ஏறத்தாழ 30 லட்சம் நெல்மணிகள் இருக்கும். மணிக்குப் பத்தாயிரம் பாக்டீரியா ஒட்டும். முதல் வேர் வெளியே நீளும்போது அதன் மேல் முதலில் குடியேறுவது அவையாகவே இருக்கும். நாற்றின் வேரைக் கரைசலில் நனைத்து நடுவதும் இதே கணக்குத்தான். விதை நேர்த்தி என்று வேளாண் அலுவலர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதைச் சடங்காக நினைத்து விட்டுவிடுகிறோம். உவர்நிலத்தில் அந்த ஒரு படிதான் வேலை செய்யும் வாய்ப்புள்ள படி. அதோடு, நன்செய் மண்ணில் எடுத்து வளர்த்த இனத்தை உவர்நிலத்துக்குக் கொடுப்பதும் தோல்விக்கு ஒரு காரணம். அந்தந்த இடத்து உப்பில் பழகியதே அந்தந்த இடத்தில் நிலைக்கும் என்பதை வாஷிங்டன் கரைப் புல் முன்பே காட்டிவிட்டது.

உப்பைத் தாங்கும் ரகத்தையே உருவாக்கிவிட்டால் இதெல்லாம் எதற்கு என்பவர்களும் உண்டு. ரகங்கள் தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கேரளத்தின் பொக்காளி நெல்லிலிருந்து கண்டறிந்த மரபுக்கூறு இன்று பல நாடுகளின் நெல் ஆய்வில் பயன்படுகிறது. திருச்சி வேளாண் கல்லூரியின் டிஆர்ஒய் ரகங்கள் களர் வயல்களுக்கு வந்தன. நம் கடலோரத்தில் களர்பாலை, குழியடிச்சான் என்று பழைய ரகங்கள் உண்டு. கண்டலின் மரபணுவை நெல்லில் சேர்க்கும் ஆய்வும் சென்னையில் நடந்திருக்கிறது. ஆனால் உப்பைத் தாங்குவது ஒற்றை மரபணுவின் காரியமல்ல. பல மரபணுக்கள் சேர்ந்து, முளைக்கும்போது ஒரு விதமாகவும் பூக்கும்போது வேறு விதமாகவும் காட்டும் குணம் அது. எந்த ரகமும் தன் முழுத் திறனைக் காட்ட ஒரு வேரடி மண் வேண்டும். ஆய்வுப் பண்ணையின் நல்ல மண்ணில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கும்போது, வேரடி உயிர்களோடு கூட்டுச் சேரும் பழக்கமும் கவனிக்கப்படாமல் கைநழுவிப் போக வாய்ப்பு உண்டு. குழியடிச்சானின் வேரில் என்ன குடியிருக்கிறது என்பதையும் அதன் மகசூலை அளக்கும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும். நாற்று நடும்போது தாய்மண் உதிராமல் எடு என்று தோட்டக்காரர்கள் சொல்வதில், காரணம் தெரியாமலே ஒரு காரியம் பொதிந்திருக்கிறது.

இதில் என்னை உண்மையாகவே கவலைப்பட வைப்பது மூலதனம் அழிவதுதான். வருவாய்ப் பதிவேட்டில் உமரி வளரும் இடம் தரிசு அல்லது புறம்போக்கு. இறால் பண்ணைக்கோ, கொட்டித் தூர்த்து மனை போடவோ, சாலை அகலப்படுத்தவோ முதலில் கைவைக்கப்படும் இடம் அது. நாகை மாவட்டத்தின் இறால் குட்டைகளை எதிர்த்துக் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, குடிநீரும் விளைநிலமும் உப்பானது பெரிதாகப் பேசப்பட்டது. உமரித் தரையின் மண்ணுக்குள் இருந்ததை இழப்பு என்று எழுத யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. ஒரு அலையாத்தி மரத்தை வெட்டினால் செய்தி வருகிறது. உமரிப் படுகையை மண் அள்ளும் இயந்திரம் வழித்தெடுத்தால் இடத்தைச் சுத்தம் செய்ததாகப் பெயர். பிச்சாவரத்துச் சேற்றில் புதிய பேரினம் ஒன்றைக் கண்டுபிடித்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. தமிழகக் கரையின் நீளத்தை நினைத்துப் பார்த்தால், எத்தனை ஓடைமுகங்களின் வேரடி மண் யாரும் தொட்டுப் பார்க்குமுன்பே மூடப்பட்டிருக்கும் என்ற எண்ணம் வராமல் இருக்காது. ஆய்வகக் குளிர்பெட்டியில் சில இனங்களைச் சேமித்து வைக்கலாம். ஆனால் மண்ணிலுள்ள பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பான்மையைத் தட்டில் வளர்க்க இன்னும் வழி தெரியவில்லை. அவற்றைக் காப்பாற்ற ஒரே இடம் அவை இருக்கும் இடம்தான், உயிருள்ள ஒரு வேரோடு.

வயலுக்குள்ளேயே இதற்கு ஒரு சின்ன இடம் கொடுக்க முடியும் என்று நினைக்கிறேன். சம்பா அறுவடை முடிந்து தை மாசிக்குப் பிறகு கடலோர வயல் வெறுமையாகக் கிடக்கிறது. மூடாத தரையிலிருந்து ஈரம் ஆவியாக ஆவியாக, கீழிருந்த உப்பு மேலே ஏறிப் பூக்கிறது. வேர் இல்லாததால் வேரடி உயிர்களுக்கும் அப்போது பஞ்சம். அந்த மாதங்களில் வரப்போரத்தில் தானாக முளைக்கும் உமரியைக் களை என்று செதுக்கிவிடுகிறோம். அதை ஒரு முழ அகலத்துக்கு விட்டுவைத்தால் தரைக்கு நிழலும், பாக்டீரியாக்களுக்குக் கோடை முழுக்கச் சோறும் கிடைக்கும். கிள்ளிக் கீரையாகச் சமைக்கவும் ஆகும். இத்தாலியில் உப்புநீர் பாய்ந்த தக்காளிக்கு நடுவே பருப்புக்கீரையையும் உப்பை உண்ணும் வேறு செடிகளையும் துணைப்பயிராக வைத்துப் பார்த்து, பலன் கண்டிருக்கிறார்கள். நம் நெல்லுக்கு வரப்பு உமரி எவ்வளவு உதவும் என்பதை வயலில் வைத்துத்தான் அளக்க வேண்டும். செலவில்லாத சோதனை அது. பங்குனியில் இரண்டு வரப்பைச் செதுக்காமல் விட வேண்டும், இரண்டைச் செதுக்க வேண்டும், புரட்டாசியில் நான்கின் ஓரத்திலும் ஒரே விதையை நேர்த்தி செய்து விதைக்க வேண்டும். நாற்று ஒரு சாண் உயரம் வந்ததும் பிடுங்கித் தட்டிப் பார்த்து, எந்த வேரில் மண் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று முதலில் கவனிக்க வேண்டும்.